இரண்டு சிவப்புகள் சேர்ந்து ஒரு பழுப்பு

2021-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு காலை, என் இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில், ஜாவா மாஸ் என்ற நீர்ப்பாசிப் புதருக்குள் பழுப்பு நிறக் குஞ்சு இறால் ஒன்று மேய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். அந்தத் தொட்டியில் நான் விட்டவை எல்லாமே அழகுக்காக வளர்க்கும் சிவப்பு இறால்கள். ஒன்றுதான் தப்பிப் பிறந்திருக்கும் என்று நினைத்துப் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து எண்ணியபோது, அரை மணி நேரத்தில் பதினேழு பழுப்புக் குஞ்சுகள் கணக்கில் வந்தன. சில கண்ணாடி போல நிறமற்று, முதுகில் மட்டும் மண் நிறப் புள்ளிகளோடு இருந்தன. ஏரியிலும் ஓடையிலும் இயற்கையாக வாழும் இறால் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தன. சிவப்போடு நீலத்தைச் சேர்த்து வளர்த்தால் நிறம் கெடும் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தவற்றைக் கோயம்புத்தூரில் இருந்த காலத்திலேயே ஒருமுறை செய்து பாடம் கற்றிருந்தேன். சிவப்போடு சிவப்பைச் சேர்த்தாலும் அதே கதி நேரும் என்பதுதான் எனக்குப் புதிது.

நடந்தது இதுதான். 2018-இல் கோவையில் செர்ரி என்ற சிவப்பு ரகத்தின் பத்து இறால்களோடு தொடங்கிய கூட்டம், 2020-இல் நாங்கள் சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது நூறைத் தாண்டியிருந்தது. ஒரே கூட்டத்துக்குள் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் நடப்பது நல்லதல்ல, புது இரத்தம் சேர்க்கலாம் என்று எண்ணி, 2021-இன் தொடக்கத்தில் ஒரு வளர்ப்பாளரிடமிருந்து பதினைந்து இறால்களை வாங்கினேன். "அண்ணே, இது பெயின்டட் ஃபயர் ரெட். உங்ககிட்ட இருக்கிறதைவிட ரெண்டு கிரேடு மேல" என்று அவர் சொன்னார். நிறத்தைப் பார்த்து மயங்கிய நான், வேறொன்றும் கேட்காமல் வாங்கி வந்து பழைய கூட்டத்தோடு விட்டேன். அவர் என்னை ஏமாற்றினார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அவருக்கும் யாரோ அந்தப் பெயரைச் சொல்லித்தான் விற்றிருப்பார்கள்.

பழுப்புக் குஞ்சுகளைக் கண்ட பிறகுதான் பழைய பெண் இறால் ஒன்றையும் புதிய பெண் இறால் ஒன்றையும் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் அருகருகே விட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டிய வேலை அது. பழையதன் சிவப்பு, குங்குமத்தைக் குழைத்து அப்பியது போல மேற்பரப்பிலேயே நின்றது. கால்களில் திட்டுத்திட்டாகவும், பக்கவாட்டில் ஆங்காங்கே மெலிந்தும் இருந்தது. ஒளி உள்ளே புகவில்லை. புதியதன் சிவப்போ மாதுளை முத்தைப் போன்றது. ஒளி உள்ளே போய்த் திரும்பியது. மேலோடு தெளிவாக இருக்க, நிறம் சதைக்குள்ளிருந்து வந்தது. தலை முதல் வால் வரை ஒரே சீரான அடர்த்தி. இந்த இரண்டாவது வகையை வளர்ப்பாளர்கள் பிளடி மேரி என்று அழைக்கிறார்கள். அது செர்ரி வழியில் வந்ததன்று. சாக்லேட் என்று சொல்லப்படும் அடர்பழுப்பு வழியிலிருந்து தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டது. கண்ணுக்கு இரண்டும் சிவப்பு; வம்சம் வேறு.

இவை எல்லாமே நியோகாரிடினா டேவிடி என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. 1904-இல் புவியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் விவரித்துப் பெயரிட்ட, கிழக்காசிய நன்னீர் நிலைகளுக்குரிய சிறிய இறால் இது. மூன்று சென்டிமீட்டருக்குமேல் வளர்வது அரிது. இயற்கையில் அதன் நிறம் பழுப்பும் மண்ணும் கண்ணாடியும் கலந்தது. நாம் கடைகளில் காணும் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, நீலம், கறுப்பு, பச்சை யாவும் அந்த ஒரே இனத்தில் தற்செயலாகத் தோன்றிய மாற்றங்களை மனிதர்கள் பொறுக்கியெடுத்து நிலைப்படுத்தியவை. ஆகவே எந்த நிறமும் எந்த நிறத்தோடும் தடையின்றி இணையும். இயற்கை நிறம் உருவாகப் பல மரபணுக்கள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு நிற வழியிலும் அவற்றுள் ஏதோ ஒன்று பழுதாகியிருக்கிறது. ஒரு வீட்டில் புளி இல்லை, அடுத்த வீட்டில் உப்பு இல்லை. இரு வீட்டாரும் சேர்ந்து சமைத்தால் குழம்பு முழுமையாகிவிடும் அல்லவா? அதுபோல வெவ்வேறு இடத்தில் பழுதான இரண்டு வழிகள் கலந்தால், ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பி, குஞ்சு பழைய பழுப்புக்கே திரும்பிவிடுகிறது. பழுப்பு என்பது நோயுமன்று, சீரழிவுமன்று. இறாலுக்கு அது நலமான உடை, நமக்குத்தான் ஏமாற்றம்.

இதனால் நிறப் பெயர்களைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். செர்ரி, சகுரா, ஃபயர் ரெட், பெயின்டட் ஃபயர் ரெட் என்பவை தனித்தனி இனங்களல்ல. ஒரே சிவப்பு வழியின் அடர்த்திப் படிகள். உடலில் தெளிவான இடங்கள் பாதிக்குமேல் இருந்தால் செர்ரி, உடல் முழுதும் மூடிக் கால்கள் மட்டும் வெளிறியிருந்தால் சகுரா அல்லது ஃபயர் ரெட், கால்களும் சேர்ந்து ஒளி புகாச் சிவப்பாக இருந்தால் பெயின்டட் ஃபயர் ரெட் என்பது பொதுவான வழக்கம். இதற்கு முத்திரை குத்தும் அமைப்பு எதுவும் இல்லை. விற்பவரின் கண்தான் அளவுகோல். ஆனால் பிளடி மேரி அந்தப் படிக்கட்டில் ஒரு படியன்று. அது வேறு வீட்டு மாடி. நீலத்திலும் இதே சிக்கல் உண்டு. ப்ளூ வெல்வெட் என்ற வெளிர்நீலம் சிவப்பு ரிலி (உடலின் நடுப்பகுதி நிறமற்றுத் தெரியும் வகை) வழியிலிருந்து வந்தது என்றும், ப்ளூ ட்ரீம் என்ற அடர்நீலம் சாக்லேட், கார்பன் ரிலி வழியைச் சேர்ந்தது என்றும் வளர்ப்பாளர்கள் வகைப்படுத்துகிறார்கள். கடைகளில் இவ்விரு பெயர்களும் இடம் மாறிப் புழங்குவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். எனவே இப்போது நான் வாங்கும்போது "இது என்ன கிரேடு" என்று கேட்பதில்லை. "இதன் குஞ்சுகள் எப்படி இருக்கின்றன, காட்ட முடியுமா" என்று கேட்கிறேன். தாய்த் தொட்டியில் எல்லா வயதுக் குஞ்சுகளும் ஒரே சாயலில் இருந்தால் வழி நிலைப்பட்டிருக்கிறது. ஒரு நிறத்தில் வளர்ந்தவையும் பல நிறத்தில் குஞ்சுகளுமாக இருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம்.

நிறம் எங்கே இருக்கிறது என்பதை அறிந்துகொண்டது அடையாளம் காண்பதில் எனக்குப் பெரிதும் உதவியது. "ஓட்டில் நிறம்", "சதையில் நிறம்" என்று நாம் பேச்சுக்குச் சொன்னாலும், எவ்வளவு அடர்ந்த சிவப்பு இறாலாக இருந்தாலும் அது உரித்துப் போடும் தோல் நிறமற்றதாகவே இருப்பதைத் தொட்டியில் காணலாம். நிறம், ஓட்டுக்கு அடியிலுள்ள மெல்லிய படலத்தில் இருக்கும் நிற உயிரணுக்களில் இருக்கிறது. அந்த உயிரணுக்கள் நிறத்தைச் சுருக்கவும் விரிக்கவும் வல்லவை. வெள்ளைத் தட்டிலோ பாலித்தீன் பையிலோ அஞ்சிக் கிடக்கும் இறால் வெளிறும்; அதே இறால் கறுப்பு மணலும் பாசியும் உள்ள தொட்டியில் பத்து நாட்கள் கழித்துக் கருஞ்சிவப்பாக நிற்கும். எனவே கடையில் பார்த்த நிறத்தை வைத்து உயர்வாகவும் தீர்ப்பளிக்கக் கூடாது, தாழ்வாகவும் கூடாது. கறுப்புப் பின்னணியும் சிவப்புக் கலந்த விளக்கும் வைத்திருக்கும் கடையில், கைபேசியின் வெள்ளை டார்ச்சை அடித்துப் பார்க்க அனுமதி கேட்பது தவறாகாது. உரித்த தோலுக்கும் இறந்த இறாலுக்கும் வேறுபாடு தெரியாமல் தொடக்கத்தில் பலர் பதறுவார்கள். தோல் கண்ணாடி போல வெறுமையாக இருக்கும், இறந்த உடல் பால் போலக் கலங்கி இளஞ்சிவப்பாக மாறும். நீல இறால் இறந்ததும் சிவக்கத் தொடங்குவது, நம் வீட்டு அடுப்பில் சாம்பல் நிற இறால் வெந்ததும் சிவப்பதைப் போன்றதே: புரதத்தோடு பிணைந்து நீலமாகவோ சாம்பலாகவோ தெரிந்த சிவப்பு நிறமி, புரதம் சிதைந்ததும் தன் உண்மை நிறத்தைக் காட்டுகிறது.

இனி என் மிகப் பெரிய முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நிறத்தைக் காக்க வேண்டுமென்றால் வெளிறியவற்றைக் கழிக்க வேண்டும் என்று படித்துவிட்டு, கோவையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, மெலிந்த நிறமுடைய சிறிய இறால்களையெல்லாம் வலையால் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றினேன். மீதமிருந்தவை எல்லாம் பெரியவை, அழகானவை. வந்தவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். இரண்டு மாதம் ஆகியும் ஒன்றுகூட முட்டை சுமக்கவில்லை. கழுத்துக்குப் பின்னே சூலகம் மஞ்சளாகச் சேணம் போலத் தெரிந்தது, தோல் உரித்தன, மீண்டும் சேணம் தெரிந்தது, முட்டை மட்டும் வயிற்றுக்கு இறங்கவில்லை. நான் கழித்தவை எல்லாம் ஆண்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த இனத்தில் ஆண் சிறிதாகவும் ஒல்லியாகவும், இயல்பாகவே நிறம் குறைந்தும் இருக்கும். பெண்ணின் வயிற்றுப்புறத் தகடுகள் முட்டையைக் காக்கக் கீழ்நோக்கி வளைந்து இறங்கியிருக்கும், ஆணின் வயிற்றுக்கோடு நேராக ஓடும். நிறத்தின் தரத்தைப் பார்க்கும்போது பெண்ணைப் பெண்ணோடும் ஆணை ஆணோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். அதிலும் மூன்று மாதம் நிறையாத இளசுகளைப் பற்றி முடிவெடுக்கவே கூடாது, ஏனெனில் அவற்றுக்கு நிறம் ஏறுவது இன்னும் முடிந்திருக்காது. வயதான பெண் சிலவற்றின் முதுகில் வெளிர் கோடு ஒன்று தோன்றுவதைக் கண்டு வேறு ரகம் கலந்துவிட்டதாகவும் நினைத்துவிடக் கூடாது. அது வயதோடு தெளிவாகும் அடையாளம். குளிர்ந்த நீரில் பெண் குஞ்சுகளும் வெப்பமான நீரில் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னைக் கோடை கழிந்ததும் தொட்டி முழுவதும் வெளிறியது போலத் தோன்றினால், வழி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுமுன் ஆண்களை எண்ணிப் பாருங்கள்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் நிறத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. கோவையில் எங்கள் வீட்டுக்கு வந்தது சிறுவாணித் தண்ணீர். குடிக்க அமிர்தம், இறாலுக்கு வெறும் நீர். நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஐம்பதைத் தொடவில்லை. முதல் ஆண்டில், தலைக்கும் வயிற்றுக்கும் நடுவே வெள்ளை வளையம் ஒன்று தோன்றி, பழைய தோலைக் கழற்ற முடியாமல் இறால்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. புதிய ஓட்டைக் கட்டத் தேவையான கால்சியமும் மக்னீசியமும் அந்த நீரில் போதவில்லை. தாது உப்புக் கலவை சேர்த்து ஜிஎச் (பொதுக் கடினத்தன்மை) அளவை 7-க்கு உயர்த்திய பிறகே சாவு நின்றது. சென்னையில் சிக்கல் நேர்மாறாக இருந்தது. எங்கள் அடுக்குமாடியின் போர் தண்ணீரில் மீட்டர் தொள்ளாயிரத்தைக் காட்டியது. மூன்று பங்கு ஆர்ஓ நீரும் ஒரு பங்கு போர் நீரும் கலந்து 250-க்குக் கொண்டுவந்து, கணக்குச் சரியாகிவிட்டது என்று நிம்மதியடைந்தேன். ஆயினும் தோலுரிப்பில் மீண்டும் தடுமாற்றம். டிடிஎஸ் மீட்டர் நீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லுமே தவிர, என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. கடலோர நிலத்தடி நீரில் சாதாரண உப்பும் சேர்ந்திருந்தால் எண் ஏறும், கால்சியம் ஏறாது. இப்போது முழுவதும் ஆர்ஓ நீரில் தாது உப்பைக் கலந்தே பயன்படுத்துகிறேன்: ஜிஎச் 7, கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) 3, பிஎச் 7-ஐ ஒட்டி, டிடிஎஸ் 200 முதல் 230 வரை. இந்த எண்கள் துல்லியமாக இருப்பதைவிட, வாரத்துக்கு வாரம் மாறாமல் இருப்பது முக்கியம். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும், சொட்டுச்சொட்டாக இறங்கும் குழாய் வழியே மாற்றுகிறேன். ஒரேயடியாகப் பாதித் தண்ணீரை மாற்றினால் காலத்துக்கு முந்தித் தோலுரித்துச் சாகும்.

வெப்பத்துக்கு விலையுயர்ந்த குளிரூட்டி என்னிடம் இல்லை. மே மாதத்தில் நீர் 32 டிகிரியைத் தொடும். மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிட்டால் மூன்று டிகிரி வரை இறங்கும், ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தாது சேர்க்காத ஆர்ஓ நீரையே ஊற்ற வேண்டும். அந்த மாதங்களில் முட்டை சுமக்கும் பெண்கள் பாதியில் முட்டையை உதிர்ப்பதுண்டு. நான் எதையும் மாற்றாமல் காத்திருக்கிறேன். சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக உள்ள கிறிஸ்டல் ரெட் இறாலின் மீது எனக்கும் ஆசை உண்டு. 1990-களில் ஜப்பானைச் சேர்ந்த ஹிசயாசு சுசுகி, கறுப்பு வெள்ளைத் தேனீ இறால்களிடையே தோன்றிய சிவப்புக் குஞ்சுகளிலிருந்து அதை உருவாக்கினார். ஆனால் அது காரிடினா என்ற வேறு பேரினம். அமில நீரும் 24 டிகிரிக்கு மேற்படாத குளிர்ச்சியும் கேட்பது. நியோகாரிடினாவோடு கலக்காது என்பது ஒரு வசதிதான்; என்றாலும் சென்னையின் மூன்றாவது மாடியில், வெயில் விழும் சுவரை ஒட்டி, அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரே இரவில் நாற்பது இறால்களை இழந்த கதையும் உண்டு. அதற்கும் நீருக்கும் தொடர்பில்லை. தொட்டி இருந்த அறையில், விருந்தினர் ஒருவர் மின்செருகியில் பொருத்தும் கொசுவிரட்டித் திரவத்தை இரவு முழுதும் ஓடவிட்டிருந்தார். அதிலுள்ள பைரித்ராய்டு வகை நஞ்சு, பூச்சிகளைப் போலவே ஓடுடைய உயிர்களையும் கொல்லும். காற்றடிக்கும் பம்பு அறைக்காற்றை அப்படியே தொட்டிக்குள் செலுத்தும். அன்றிலிருந்து அந்த அறைக்குக் கொசுவலைதான். மீன்களுக்கான மருந்துகளில் தாமிரம் இருக்கிறதா என்று பார்ப்பதும், சந்தைக் கீரையை நம்பாமல் மாடித் தொட்டியில் மருந்தடிக்காமல் வளர்த்த முருங்கைக் கீரையை மட்டும் வெந்நீரில் இட்டுக் கொடுப்பதும் அதே அச்சத்தின் விளைவு. தெருவில் உதிர்ந்து காய்ந்த வாதாம் இலையைக் கழுவிப் போட்டால் குஞ்சுகள் மூன்று வாரம் அதை நரம்பு மட்டும் மிஞ்சும்வரை மேயும். நிறமேற்றும் உணவு என்று விற்கப்படுபவற்றைப் பற்றிக் கேட்பார்கள். நிறமியை இறால் தானே உண்டாக்காது, உணவிலிருந்தே பெறுகிறது என்பது உண்மை. பாசி படர்ந்த தொட்டியில் அது ஏற்கெனவே இருக்கிறது. பழுப்பாகப் பிறந்ததை எந்த உணவும் சிவப்பாக்காது.

பழுப்புக் குஞ்சுகள் தோன்றிய பிறகு என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். கலந்த கூட்டத்திலிருந்து தூய வழியைப் பிரித்தெடுப்பது எளிதன்று. சிவப்பாகத் தெரிகிற குஞ்சும் பழுப்புக்குரிய மரபைச் சுமந்துகொண்டிருக்கலாம். பிளடி மேரி என்று உறுதியாகத் தெரிந்த பெரியவை ஒன்பது மட்டும் எஞ்சியிருந்தன. ஆனால் பெண் இறால் தன் வயிற்றில் சுமந்துகொண்டிருந்த முட்டைகள் யாருடையவை என்று தெரியாது. முட்டை சுமந்த பெண்களை ஓட்டைகள் இட்ட தனிப் பெட்டியில் விட்டு, சுமார் நான்கு வாரத்தில் குஞ்சு பொரிந்ததும் தாயை மட்டும் புதிய தொட்டிக்கு மாற்றினேன். ஒவ்வொரு முட்டைத் தொகுதிக்கும் பெண் புதிதாகத் தோலுரித்தே இணைய வேண்டும் என்பதால், அடுத்த தொகுதி புதிய தொட்டியிலிருந்த ஆணுடையதாகவே அமைந்தது. பழைய செர்ரி வழியையும் இப்படியே வேறொரு தொட்டியில் பிரித்தேன். எஞ்சிய கலப்புக் கூட்டத்தைக் கொல்ல மனமில்லை. ஏரியிலோ கிணற்றிலோ விடுவதும் தகாது. அவை பால்கனிக்கு அருகில் ஒரு தொட்டியில் வாழ்கின்றன. என் மனைவி அதற்குக் கதம்பத் தொட்டி என்று பெயர் வைத்திருக்கிறார். பழுப்பு, தேன், புகை, மங்கிய நீலம் என்று அதில் பிறக்கும் நிறங்கள் ஒன்றுக்கொன்று சற்றும் ஒத்திருப்பதில்லை. வீட்டுக்கு வரும் குழந்தைகள் முதலில் நிற்பது அங்கேதான்.

இப்போது ஒவ்வொரு தொட்டியின் பக்கவாட்டிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். அதில் நிறத்தின் பெயர் இல்லை. எந்த மாதம் யாரிடமிருந்து வந்தது, எத்தனை வந்தது, முதல் குஞ்சுகள் எந்தத் தேதியில், அவற்றில் எத்தனை மாறுநிறம் என்பவை மட்டும் உள்ளன. பிளடி மேரித் தொட்டியின் சீட்டில் கடைசி வரி சென்ற மாதம் எழுதியது: குஞ்சுகள் இருபத்திரண்டு, மாறுநிறம் ஒன்று, கதம்பத்துக்கு மாற்றப்பட்டது.